291: பதினைந்தடி அறையும் ஐம்பது இதழ்களும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது பாலம், பாய்லர், பேரிங் என்று ஏதாவது வரும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். ‘எஞ்சினீயருக்கு ஓவியக்கூடத்தில் என்னய்யா வேலை?’ என்று ஜூனியர்களும் கேட்கலாம். கேளுங்கள், தப்பில்லை. இந்தக் கட்டுரையின் நாயகரும் மெக்கானிக்கல் படிக்கப் போனவர்தான்.

ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் 1864 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் ஹோபோகன் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள், வசதியான குடும்பம். 1882ல் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற பேராசிரியர் புகைப்பட வேதியியல் நடத்தினார். அந்த வகுப்பும் 1883ல் வாங்கிய ஒரு கேமராவும் பையனின் திசையையே மாற்றிவிட்டன. 1890ல் நியூயார்க் திரும்பியதும் சுமார் ஐந்து வருடம் படத்தகடு செதுக்கும் தொழிலில் இருந்தார். வியாபாரம் ஓடவில்லை. ஆனால் தகடு, அமிலம், மை ஆகிய மூன்றும் கைவந்தன. பின்னால் அவரைக் காப்பாற்றியது இந்தக் கைப்பழக்கம்தான்.

அந்தக் காலத்தில் புகைப்படத்தைக் கலை என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ‘பொத்தானை அமுக்கினால் இயந்திரம் எடுத்துத் தருகிறது, இதில் கலை எங்கே?’ என்பதே பெரியவர்களின் கேள்வி. இதை எதிர்த்து ஸ்டீக்லிட்ஸ் 1902ல் ‘ஃபோட்டோ செசஷன்’ என்ற குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் ‘கேமரா ஒர்க்’ முதல் இதழ் வெளிவந்தது. ஆசிரியரும் அவரே, பதிப்பாளரும் அவரே. எந்தச் சங்கத்துக்கும் கட்டுப்படாத பத்திரிகை. அட்டையை வடிவமைத்தவர் நண்பர் எட்வர்ட் ஸ்டைக்கன். முதல் இதழில் கெர்ட்ரூட் காஸ்பியர் என்ற பெண் கலைஞரின் படங்களுக்கு முதலிடம்.

இதன் படங்கள் சாதாரண அச்சல்ல, ஃபோட்டோகிரேவ்யூர். தாமிரத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைப்பார்கள். ஒளிபட்ட ஜெலட்டின் படலத்தை அதன்மேல் பதித்து ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் இறக்குவார்கள். படத்தில் எங்கே கருமையோ அங்கே ஜெலட்டின் மெல்லிசாக இருக்கும்; கரைசல் அங்கே ஆழமாகக் குடையும். குழி ஆழமானால் மை அதிகம், மை அதிகமானால் கருமை. செய்தித்தாள் படத்தில் இருப்பதுபோல் வரிசைப் புள்ளி கிடையாது. பல படங்களை மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டினார்கள். 1904ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு அனுப்பிய அசல் படங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பதிலுக்கு ‘கேமரா ஒர்க்’ இதழின் பக்கங்களையே மாட்டினார்கள். பார்த்தவர்கள் அவற்றையே அசல் என்று நினைத்தார்களாம். தரக் கட்டுப்பாடு என்றால் இது!

1905 நவம்பரில் ஐந்தாம் அவென்யூ 291ஆம் எண் கட்டடத்தின் மாடியில், ஸ்டைக்கன் இருந்த அறைகளில் ஒரு சிறு கூடம் திறந்தது. பெரிய அறையே சுமார் 15 அடிக்கு 15 அடிதான். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு மூலைக்குக் காணாது. 1908ல் வாடகை எகிறியதும் நடைக்கு எதிர்ப்புறம் 293க்கு மாறினார்கள், பெயர் மட்டும் ‘291’ என்றே நின்றுவிட்டது.

அந்தச் சின்ன அறைக்குள் நடந்ததைப் பாருங்கள். 1908ல் ரோடின் கோட்டோவியங்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் முதன்முறையாக மத்தீஸ். 1911ல் செசானின் நீர்வண்ணங்கள், தொடர்ந்து பிக்காஸோவின் முதல் அமெரிக்கக் கண்காட்சி. பிக்காஸோ படங்களில் விலைபோனது ஒன்றிரண்டுதான்; அதிலும் ஒன்றை ஸ்டீக்லிட்ஸே வாங்கினார்! 1914ல் பிரான்குஸியின் சிற்பங்கள், ஆப்பிரிக்கச் சிற்பங்கள். கூடத்தில் காட்டியதைப் பத்திரிகை விளக்கியது, பத்திரிகை எழுப்பிய கேள்விக்குக் கூடம் பதில் சொன்னது. இரண்டும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகள்.

ஆனால் அந்த வண்டியிலிருந்து பழைய ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். புகைப்படத்துக்காகச் சந்தா கட்டியவர்களுக்குப் புரியாத ஓவியமும், 1912 சிறப்பிதழில் வந்த கெர்ட்ரூட் ஸ்டைனின் விசித்திர உரைநடையும் பிடிக்கவில்லை. ஸ்டீக்லிட்ஸும் யாருக்கும் வளைந்துகொடுக்கிறவர் அல்ல. பிடிவாதக்காரர், எல்லாம் தன் சொல்படிதான். முதல் இதழை அலங்கரித்த காஸ்பியரே 1912ல் குழுவை விட்டு விலகினார். பத்திரிகை ஓடியதில் குடும்பப் பணத்துக்கும் பங்கு உண்டு. இதை மறைத்துவிட்டு அவரைத் தியாகி ஆக்குவது சரியல்ல.

1915 ஜனவரியில் வெளியான 47ஆம் இதழில் படமே கிடையாது. ‘உங்களுக்கு 291 என்றால் என்ன?’ என்று கேட்டு வாங்கிய பதில்கள் மட்டும். பதில் எழுதியவர்களில் கலைஞர்கள், எழுத்தாளர்களோடு, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கிய ஹாட்ஜ் கிர்னனும் உண்டு. ஒரு நிறுவனத்தின் மலரில் லிஃப்ட்மேன் பெயரும் எழுத்தும் வருவது எத்தனை இடத்தில் நடக்கும்?

1917ல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. ஜார்ஜியா ஓ’கீஃப் என்ற இளம் ஓவியரின் முதல் தனிக் கண்காட்சியோடு கூடம் மூடப்பட்டது. ஜூனில் பால் ஸ்ட்ராண்டின் கூர்மையான, ஒளிவுமறைவில்லாத படங்களோடு 49-50 இரட்டை இதழ் வந்தது. அதுவே கடைசி. ஆரம்பத்தில் ஆயிரம் பிரதி அச்சிட்ட பத்திரிகைக்கு அப்போது மிஞ்சிய சந்தாதாரர்கள் நாற்பது பேர்கூட இல்லை.

தோற்றுப்போனாரா? அதற்கு ஒரு தமிழர் பதில் சொன்னார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி முதலில் புவியியலாளர். இலங்கையின் கனிமங்களை ஆய்ந்த விஞ்ஞானி. 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்தவர். அவர் எடுத்த முயற்சியால் 1924ல் ஸ்டீக்லிட்ஸின் 27 புகைப்படங்களை அந்த அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகம் ஒன்று புகைப்படத்தைக் கலையாகச் சேர்த்ததற்கு இது தொடக்க கால உதாரணம். பாறையைப் படித்த ஒருவரும் இயந்திரம் படிக்கப் போன ஒருவரும் சேர்ந்து திறந்த கதவு அது.

இதை இந்த மலரில் எழுதக் காரணம் உண்டு. கல்லூரியில் கையெழுத்துப் பத்திரிகையோ, ஃபோட்டோ கிளப்போ, ஏதோ ஒன்றைத் தொடங்கும் தம்பி தங்கைகள், ‘நாலு பேர்கூடப் படிக்கலையே அண்ணா’ என்று சோர்ந்துபோவதைப் பார்க்கிறேன். எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். அச்சகத்துக்குப் பணம் கட்டித்தான் ஆகணும். ஆனால் அந்த நாலு பேருக்காகத் தகட்டை எவ்வளவு சுத்தமாகச் செதுக்கினோம் என்பது நம் கையில் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்யுங்கள். சந்தாவுக்கு எங்களைப் போன்ற பழைய மாணவர்கள் இருக்கிறோம், தயங்காமல் கேளுங்கள்.