அப்பாவின் நோட்டில் நாலு கட்டம்

போன பொங்கலுக்கு மொரப்பூர் வீட்டில் பரணை ஒழிச்சப்போ ஒரு நீள நோட்டு கிடைச்சுது. மண்டியில் கணக்கு எழுதுற நோட்டு. அப்பா மண்டியில்தான் வேலை பார்த்தார், அதனால் முதலில் ஏதோ பழைய வரவு செலவுன்னு நினைச்சேன். திறந்து பார்த்தா எல்லாம் சினிமாப் பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரி, அதுக்குக் கீழே ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட நாலு கட்டம்: படம், பாடியவர், எழுதியவர், இசை. ரேடியோ கேட்டுக் கேட்டு எழுதினது. 70-களின் ஆரம்பம், அப்பாவுக்குக் கல்யாணம் ஆகலை.

சில கட்டம் காலியா இருந்தது. சில கட்டம் வேற மையில் நிரப்பி இருந்தது. கேட்டேன். "சிலோன் ஸ்டேஷன் திடீர்னு இரைஞ்சிரும்டா. பேரு காதுல விழாது. மறுபடி அந்தப் பாட்டு வர்ற வரைக்கும் காத்திருந்து எழுதுவேன்"னு சொன்னார். ஒரு பாடலாசிரியர் பெயருக்காக ஒரு மனுஷன் மாசக்கணக்கில் காத்திருந்திருக்கார்! அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு அதே யோசனை. இந்த நாலு கட்டம் எங்கிருந்து வந்தது, அப்புறம் எங்கே போச்சுன்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் கட்டுரை.

இசைத்தட்டு காலத்திலிருந்து ஆரம்பிக்கணும். 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான். நடுவில் ஒட்டின வட்டக் காகிதத்தில் பெயருக்கு இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச இடத்தையும் ஒழுங்காப் பயன்படுத்தலை. 1949-ல் வந்த 'மஹால்' இந்திப் படப் பாட்டுக்கு இசைத்தட்டில் பாடினவர் பெயர் 'காமினி'ன்னு போட்டிருந்தாங்க. காமினி கதாபாத்திரத்தின் பெயர்! பாடினது லதா மங்கேஷ்கர். பின்னணிப் பாடகர்னு ஒருத்தர் இருக்கார் என்பதையே வெளியே சொல்லாத காலம் அது. பாட்டு ரேடியோவில் வந்ததும் யார் பாடினதுன்னு கேட்டு நேயர்கள் கடிதமா எழுதினாங்க. நிலையம் இசைத்தட்டு கம்பெனிகிட்டே விசாரிச்சு லதாவின் பெயரைச் சொல்ல வேண்டி வந்தது. அதாவது பாடினவங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் ரேடியோவுக்கும், விடாமல் கடிதம் போட்ட சனங்களுக்கும் பங்கு உண்டு.

ஆனா அதே ரேடியோ பெயரை மறைச்ச கதையும் இருக்கு. 1952-ல் பி.வி.கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரா வந்தார். சாஸ்திரிய சங்கீதத்தின் பக்கம் நின்றவர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்குதுன்னு நினைச்சவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் நேரத்தை வெட்டினாங்க. அதோட, படத்தின் பெயரைச் சொன்னா அது படத்துக்கு ஓசி விளம்பரம், பாடகர் பெயர் மட்டும் போதும்னு ஒரு முடிவு. தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்து ஒலிபரப்பு உரிமத்தையே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. சில மாசத்திலேயே திரைப்பாடல் அரசு வானொலியில் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. சண்டைக்கு வேற காரணங்களும் இருந்தது, ஆனா அதில் ஒண்ணு 'படப் பெயர்' எனும் ஒரே ஒரு கட்டம்!

அந்தக் காலி இடத்தில்தான் இலங்கை நுழைஞ்சது. கொழும்பில் 1925-லேயே ஒலிபரப்பு உண்டு. இரண்டாம் உலகப்போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைகளுக்காக அங்கே பலமான சிற்றலை டிரான்ஸ்மிட்டர் வெச்சாங்க. போர் முடிஞ்சதும் அது இலங்கை அரசுக்கு வந்து, 1949-ல் ரேடியோ சிலோன்னு பெயர். அடுத்த வருஷம் வர்த்தக சேவை. கேஸ்கர் அமைச்சரான அதே 1952 டிசம்பரில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா இந்தியில் தொடங்கிருச்சு. தமிழில் மயில்வாகனன், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத்.

(இடையில் ஒரு ஊர்ப் பெருமை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஒரு சின்ன ரயில் பாதை போட்டாங்க. 1941-ல், போர் நடக்கும்போது அதை மூடிட்டாங்க. ஒரே போர் எங்க ஊர் ரயிலைக் கொண்டுபோயிருச்சு, பாட்டைக் கொண்டுவந்திருச்சு.)

இலங்கை அறிவிப்பாளர்கள் பாட்டு போடுற முறையே தனி. எழுதினவர், இசையமைச்சவர், பாடினவர், படம்னு சொல்லிட்டுத்தான் ஊசியை வைப்பாங்க. உடுமலை நாராயணகவி, தஞ்சை ராமையாதாஸ், மருதகாசி மாதிரிப் பெயர்கள் பள்ளிக்கூடம் தாண்டாதவங்க வாயிலும் புழங்கினதுக்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். 1957 அக்டோபர் 3-ல் டெல்லி இறங்கி வந்து விவித பாரதியை ஆரம்பிச்சது. ஆனா எங்க ஊரில் 70-களிலும் முள்ளு சிலோன் பக்கம்தான் நின்னிருக்கு. 1967-லேயே அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்னு பெயர் மாறிருச்சு. அப்பாவுக்கு அது இன்னைக்கும் சிலோன் ரேடியோதான்.

என் காலம் கேசட் காலம். ஸ்டேஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தா, 60 நிமிஷ கேசட்டில் பதிஞ்சு ரெண்டு நாளில் தருவாங்க. திருட்டுத்தான், இப்போ தெரியுது. அப்போ ஊரில் யாரும் அப்படி நினைச்சதில்லை. அந்தச் சீட்டில் ரெண்டே கட்டம்: முதல் வரி, படம். ஆனா கேசட் செஞ்ச ஒரு நல்லதையும் சொல்லணும். இசைத்தட்டு அச்சடிக்க ஆலை வேணும், கேசட்டுக்கு ரெண்டு டெக் போதும். தெருக்கூத்து, கோயில் பாட்டு, தலைவர்கள் பேச்சுன்னு இசைத்தட்டு கம்பெனிகள் எட்டிக்கூடப் பார்க்காத குரலெல்லாம் கடைக்கு வந்தது. 'ரோஜா'வுக்குப் பிறகு ரஹ்மான் கேசட் உறையில் வாத்தியக்காரர் பெயரையும் போட ஆரம்பிச்சார். புல்லாங்குழல் யார், கிடார் யார்னு பொடி எழுத்தில் இருக்கும். காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கினவங்களுக்குக் கிடைச்ச உபரி அது.

இனி என் தொழில் பக்கம் வர்றேன். சிடியில் ஒரு விநாடி ஒலிக்கு 1411 கிலோபிட் செலவாகும். எம்பி3 அதை 128-க்குச் சுருக்கினது, பதினொண்ணில் ஒரு பங்கு. காது கவனிக்காத ஒலியை எறிஞ்சிட்டு மிச்சத்தை வெச்சுக்கிறதுதான் சூட்சுமம். ஒரு சிடியில் பன்னெண்டு பாட்டு இருந்தது போய் நூத்தம்பது பாட்டு ஏறிச்சு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதிகம் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. முதலில் வந்த எம்பி3 கோப்பில் பாட்டின் விவரம் வைக்க இடமே கிடையாது. 1996-ல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு வழி கண்டுபிடிச்சார். கோப்பின் கடைசியில் 128 பைட். ஐடி3 டேக்னு பெயர். அடையாளத்துக்கு 3 பைட், தலைப்பு 30, கலைஞர் 30, ஆல்பம் 30, வருஷம் 4, குறிப்பு 30, இசை வகை 1. கூட்டிப் பாருங்க, சரியா 128.

கலைஞர்னு ஒரே கட்டம்தான். மேல்நாட்டு ராக் பாட்டுக்கு அது போதும், குழுவின் பெயரைப் போட்டா முடிஞ்சது. நம்ம பாட்டுக்கு? பாடினவரா, இசையமைச்சவரா? எழுதினவருக்குக் கட்டமே இல்லை. தமிழ் எழுத்துக்கும் இடமில்லை, லத்தீன் எழுத்துதான். நானே இன்ஜினீயரிங் ஹாஸ்டலில் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து நூத்துக்கணக்கான பாட்டுக்கு டேக் அடிச்சிருக்கேன். எல்லாத்துக்கும் 'கலைஞர்' கட்டத்தில் இளையராஜா அல்லது ரஹ்மான். வாலி பெயரையோ வைரமுத்து பெயரையோ ஒரு இடத்திலும் நான் அடிச்சதில்லை. அப்பா காத்திருந்து எழுதின கட்டத்தை நானே அழிச்சிருக்கேன், அதுவும் ஆசை ஆசையா.

1998-ல் ஐடி3 ரெண்டாம் பதிப்பு வந்துச்சு. அதில் எழுதினவருக்குத் தனிக் கட்டம், இசையமைச்சவருக்குத் தனிக் கட்டம் எல்லாம் இருக்கு. ஆனா வசதி வந்தா பழக்கம் மாறிடுதா? 'படகோட்டி' பாட்டெல்லாம் கண்ணதாசன்னு என் சித்தப்பா சத்தியம் பண்றார். 1964-ல் வந்த அந்தப் படத்தின் பாட்டு முழுக்க வாலி.

பெயர் விட்டுப்போனா என்னங்க நஷ்டம், பாட்டு இனிக்குதுல்ல, அப்படின்னு கேட்கலாம். நஷ்டம் காசில் இருக்கு. 1977-ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் கூலி வாங்கிப் பாட்டு போட்டா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை தயாரிப்பாளருக்குத்தான்னு தீர்ப்பு சொல்லிருச்சு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒரு தடவை சம்பளம் வாங்கினதோட சரி. ரேடியோவில் ஆயிரம் தடவை ஓடினாலும் அவங்க வீட்டுக்கு ஒண்ணும் வராது. 2012-ல்தான் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க, மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் இதுக்காக வாதாடினார். இப்போ தியேட்டருக்கு வெளியே பாட்டு ஓடினா, எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் ராயல்டியில் சம பங்கு. அதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

சட்டம் பங்கு கொடுத்திருச்சு. ஆனா பங்கு போடுறது கணினி. ஸ்ட்ரீமிங்கில் ஒலிப்பதிவுக்கு ஒரு குறியீட்டு எண், பாட்டு எனும் படைப்புக்கு இன்னொரு எண். ரெண்டையும் இணைக்கிற அட்டவணையில் மருதகாசி பெயர் விட்டுப்போனாலோ, வேற மாதிரி எழுத்துக்கூட்டல் இருந்தாலோ, ஓடின பாட்டுக்கான காசு யாருக்குன்னு தெரியாமல் நிக்கும். டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன்கிற முறையில் சொல்றேன், காலிக் கட்டத்தை எந்த நிரலும் தானா நிரப்பாது. இதோட 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் வருஷத்துக்கு ஆயிரம் தடவைகூட ஓடாத ஒலிப்பதிவுக்கு ராயல்டி கணக்கே கிடையாது. அப்பா நோட்டில் இருக்கிற 50-களின் பாட்டில் எத்தனை அந்தக் கோட்டைத் தாண்டும்?

நோட்டை இப்போ ஒரு விரிதாளில் ஏத்திட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனில் அப்பா வாசிப்பார், நான் அடிப்பேன். போன வாரம் ஒரு பாட்டுக்கு மூணாவது கட்டம் காலி. செயலியில் தேடினேன், அங்கேயும் காலி. இணையத்தில் ரெண்டு இடத்தில் ரெண்டு பேர் போட்டிருக்காங்க. அப்பாகிட்டே சொன்னேன். "அவசரப்பட்டு எதையாவது எழுதிறாதே, அப்படியே விடு"ன்னார். விட்டிருக்கேன்.