வில்லோபுரூக்கும் ஆறில் ஒரு பங்கும்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம் இதெல்லாம் உள்ளவர்கள் எங்கே வாழ வேண்டும்? அம்மா அப்பாவோடு, இல்லாவிட்டால் நாலு பேரோடு ஒரு சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில் என்பது இன்றைக்கு யாரும் சொல்லிவிடக்கூடிய பதில். ஐம்பது அறுபது வருஷம் முன்னால் அமெரிக்காவில் டாக்டர்களே வேறு மாதிரி சொன்னார்கள். "குழந்தையை அரசு விடுதியில் சேர்த்துவிடுங்கள், மறந்துவிட்டு இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள்" என்பதுதான் பல பெற்றோருக்குப் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே கிடைத்த ஆலோசனை. 1967-ல் அமெரிக்க மாநில அரசுகளின் பெரிய விடுதிகளில் இப்படி வாழ்ந்தவர்கள் 1,94,000-க்கும் மேல். அதுதான் உச்சம்.

அந்த விடுதிகளிலேயே பெரியது நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் மாநிலப் பள்ளி. (பள்ளி என்பது பெயரில் மட்டும்தான்.) கட்டிடம் 1942-ல் தயாரானது. உடனே யுத்தம் குறுக்கே வர, ராணுவ ஆஸ்பத்திரி ஆனது. யுத்தம் முடிந்து 1947-ல்தான் குழந்தைகள் வந்தார்கள். சுமார் 4,000 பேருக்கான இடம். அறுபதுகளின் நடுவில் 6,000 பேரைத் தாண்டிவிட்டது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடக்க இடமில்லை.

1965-ல் செனட்டர் ராபர்ட் கென்னடி முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, இது பாம்புக் குழி என்கிற அர்த்தத்தில் பேசினார். பேப்பரில் வந்தது, மாநில அரசு கோபப்பட்டது, அதோடு சரி. அதே வருஷக் கடைசியில் பர்ட்டன் பிளாட் என்ற பேராசிரியரும் பிரெட் கேப்லன் என்ற புகைப்படக்காரரும் இப்படிப்பட்ட சில விடுதிகளுக்குள் போனார்கள். கேப்லனின் இடுப்பு பெல்ட்டில் ஒளித்து வைத்த கேமரா. அந்தப் படங்கள் 1966-ல் புத்தகமாக வந்தன. அதுவும் கொஞ்ச நாள் பேச்சோடு முடிந்தது.

இதற்கு நடுவில் வில்லோபுரூக்கில் இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. கூட்ட நெரிசலாலும் அசுத்தத்தாலும் அங்கே கல்லீரல் அழற்சி எல்லாருக்கும் பரவியது. 1956 முதல் டாக்டர் சால் க்ரூக்மன் தலைமையில் ஒரு குழு, புதிதாக வந்த குழந்தைகளுக்கு அந்தக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ச்சி செய்தது. "எப்படியும் இங்கே வந்தால் தொற்றத்தானே போகிறது" என்பது அவர்கள் வாதம். பெற்றோரின் கையெழுத்து வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் 1964-ல் இடமில்லை என்று சாதாரண வார்டுகளில் சேர்க்கையை நிறுத்தியபோது ஆராய்ச்சி வார்டில் மட்டும் இடம் இருந்தது. அப்படிப்பட்ட நிலையில் வாங்கிய கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று இன்றும் மருத்துவ அறவியல் வகுப்புகளில் விவாதிக்கிறார்கள். ஹெபடைடிஸ் ஏ, பி இரண்டும் வேறு வேறு என்று பிரித்தறிய அந்த ஆராய்ச்சி உதவியது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியதே. நல்ல விளைவு வந்தால் செய்த காரியம் நல்லதாகிவிடாது.

1970-ல் மாநில கஜானாவில் துண்டு விழுந்தது. கவர்னர் ராக்கஃபெல்லர் புது ஆட்கள் எடுப்பதை நிறுத்தினார். வேலையை விட்டுப் போனவர்கள் இடம் அப்படியே காலி. பட்ஜெட் தாளில் இது வெறும் ஒரு வரி. வார்டில் இதன் அர்த்தம் என்ன தெரியுமா? ஐம்பது அறுபது குழந்தைகளுக்கு ஒருவரோ இருவரோ. ஒரு குழந்தைக்குச் சோறூட்ட இரண்டு மூன்று நிமிடம். அவசர அவசரமாக ஊட்டும்போது உணவு நுரையீரலுக்குள் போகிறது, நிமோனியா வருகிறது, சாகிறார்கள். இதை டிவி கேமரா முன்னால் சொன்னவர் அங்கேயே வேலை பார்த்த டாக்டர் மைக்கேல் வில்கின்ஸ். பெற்றோரைத் திரட்டினார் என்று 1972 ஜனவரியில் அவரையும் ஒரு சமூகப் பணியாளரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். ஆனால் வார்டுச் சாவியைத் திரும்ப வாங்க மறந்துவிட்டார்கள்!

அந்தச் சாவியால்தான் ஜெரால்டோ ரிவேரா என்ற இளம் நிருபர் கேமராவோடு உள்ளே போனார். கென்னடியின் பேச்சாலும் பிளாட்டின் புத்தகத்தாலும் ஆகாதது டிவியால் ஆனது. இருட்டில் நிர்வாணமாகத் தரையில் கிடந்த குழந்தைகளை நியூயார்க் நகரமே சாப்பாட்டு நேரத்தில் பார்த்தது. அந்த நிகழ்ச்சியில் பேசிய ஒருவர் பெர்னார்ட் காரபெல்லோ. பெருமூளை வாதத்தை அறிவுக் குறைபாடு என்று தவறாகக் கணித்து மூன்று வயதில் சேர்த்துவிட்டார்கள். உள்ளே 18 வருஷம். வெளியே வந்தபிறகு, குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசும் அமைப்பை நியூயார்க் மாநிலத்தில் தொடங்கினார். அதே ஆகஸ்டில் ஜான் லென்னனும் யோகோ ஓனோவும் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இந்தக் குழந்தைகளுக்காகக் கச்சேரி செய்தார்கள்.

கச்சேரி, கண்ணீர் எல்லாம் சரி. உண்மையில் கதவைத் திறந்தது வழக்கு. 1949-ல் பெற்றோர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கமும் சிவில் உரிமை வக்கீல்களும் 1972-ல் மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1975-ல் புது கவர்னர் ஹ்யூ கேரி சமரசத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார். 5,000-க்கும் மேற்பட்டவர்களைச் சிறிய வீடுகளுக்கு மாற்ற வேண்டும், 1981-க்குள் வில்லோபுரூக்கில் 250 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஏழு பேர் கொண்ட கண்காணிப்புக் குழு வேறு.

கையெழுத்து போட ஒரு நிமிடம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீடு தேடுவது? இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். தொண்டு நிறுவனங்கள் தெருத் தெருவாக வீடு பார்த்தன. விஷயம் தெரிந்தவுடன் அக்கம்பக்கத்தார் கூட்டம் போட்டார்கள். "நமக்கு அவர்கள் மேல் இரக்கம் உண்டு, ஆனால் இந்தத் தெரு சரிப்படாது" என்பதே எல்லாக் கூட்டத்திலும் பல்லவி. வீட்டு விலை விழுந்துவிடும் என்பது முக்கியமான பயம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் வோல்பர்ட் 1978-ல் நியூயார்க் மாநிலத்தில் இந்த இல்லங்கள் இருந்த பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். விலை விழவில்லை. ஆனால் பயத்துக்குப் புள்ளிவிவரம் மருந்தாகுமா?

அதே 1978-ல் பாடவன் சட்டம் வந்தது. இல்லம் வரப்போகிறது என்று உள்ளூர் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், 40 நாள் அவகாசம். அதற்குள் வேறு நல்ல இடத்தைக் காட்டலாம், அல்லது ஏற்கெனவே இங்கே நிறைய இல்லங்கள் உள்ளன என்று நிரூபிக்கலாம். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது மட்டும் காரணமாகாது. எதிர்ப்பை அடக்காமல் அதற்கு ஒரு வாசலும் ஒரு கெடுவும் கொடுத்த கெட்டிக்காரத்தனமான சட்டம்.

பள்ளிக்கூடங்களும் சும்மா இருக்கவில்லை. வில்லோபுரூக்கிலிருந்து வந்த சில டஜன் குழந்தைகளின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது என்று நகரக் கல்வி வாரியம் அவர்களைத் தனியே ஒதுக்கப் பார்த்தது. அந்தக் கிருமி பெருகியதே அரசு விடுதியின் அசுத்தத்தில்! 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது.

டெக்சாஸில் கிளெபர்ன் என்ற ஊர் இன்னும் ஒரு படி மேலே போனது. 13 பேருக்கான இல்லத்துக்கு அனுமதி மறுக்க ஊர் சொன்ன காரணங்களில் இரண்டு: எதிரே உள்ள பள்ளி மாணவர்கள் இவர்களைச் சீண்டுவார்கள், 500 வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய இடம் அது. அதே இடத்தில் முதியோர் இல்லமோ ஆஸ்பத்திரியோ கட்ட இந்தச் சிறப்பு அனுமதி தேவையில்லை. எதிரே இருந்த பள்ளியில் ஏற்கெனவே அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்கள் படித்துக்கொண்டும் இருந்தார்கள். 1985-ல் உச்ச நீதிமன்றம் ஊரின் முடிவைத் தள்ளுபடி செய்தது.

சரி, பணம்? மெடிகெய்ட் என்பது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும். 1971-ல் வந்த திருத்தப்படி விடுதியில் இருப்பவருக்கு அதிலிருந்து பணம் கிடைக்கும். நோக்கம் விடுதிகளின் தரத்தை உயர்த்துவது. ஆனால் விளைவு என்ன? ஆள் படுக்கையில் இருந்தால் டில்லி மாதிரி வாஷிங்டன் பணம் தருகிறது. வீட்டுக்குப் போனால் நின்றுவிடுகிறது. எந்த நிதிச் செயலர் படுக்கையைக் காலி செய்வார்? நியூயார்க் சாமர்த்தியமாகச் சிறு வீடுகளையே அந்த விதிகளுக்குள் "விடுதி" என்று பதிவு செய்து பணம் வாங்கியது. எல்லா மாநிலமும் அப்படிச் செய்யவில்லை.

இந்த முடிச்சை எல்லாருக்கும் புரியவைத்தது அயோவா மாநிலத்தின் கேட்டி பெக்கெட் என்ற மூன்று வயதுக் குழந்தை. மூளை அழற்சிக்குப் பிறகு மூச்சுவிட இயந்திரம் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தால் மெடிகெய்ட் கட்டும், வீட்டுக்குப் போனால் கட்டாது. 1981 நவம்பரில் அதிபர் ரீகன் பத்திரிகையாளர் சந்திப்பில் இதை எடுத்துப் பேசினார்: ஆஸ்பத்திரிக்கு மாதம் 6,000 டாலர் தரும் அரசு, அதில் ஆறில் ஒரு பங்கில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஏன் தரக்கூடாது? அரசுச் செலவே வீண் என்று பேசிவந்தவர் ரீகன். அவர் வாயாலேயே இது வந்தது வேடிக்கைதான். கேட்டி டிசம்பரில் வீட்டுக்குப் போனாள். 2012 வரை வாழ்ந்தாள்.

அந்த ஆகஸ்டிலேயே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு நுழைந்திருந்தது. மெடிகெய்ட் பணத்தை வீட்டிலும் தெருவிலும் செலவழிக்க மாநிலங்கள் அனுமதி கேட்கலாம், சராசரிச் செலவு விடுதிச் செலவைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. வெய்வர் என்று இன்றும் அதற்குப் பெயர். வில்லோபுரூக்கின் கெடு 1981-ல் தவறியது. அதற்கு முன் வருஷமே மாநில சட்டசபை கண்காணிப்புக் குழுவுக்கான பணத்தை வெட்டியிருந்தது. ஆனாலும் ஆள் குறைந்துகொண்டே வந்து 1987 செப்டம்பரில் கடைசி ஆளும் வெளியேறினார். 1993 முதல் அந்த வளாகத்தில் ஸ்டேட்டன் தீவுக் கல்லூரி நடக்கிறது.

சிறிய வீடு என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. வில்லோபுரூக்கிலிருந்து வந்தவர்கள் இருந்த ஒரு பிராங்க்ஸ் இல்லத்தில் அடி உதை புகார்கள் எழுந்ததை 2020-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. குளிப்பாட்டி, சோறூட்டி, பஸ் ஏற்றிவிடும் ஊழியர்களுக்குச் சம்பளம் மிகக் குறைவு, வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். மெடிகெய்டின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவில் வீடு, சமூகம் சார்ந்த பங்கு பாதியைத் தாண்டவே 2013 ஆனது, அதாவது ரீகன் கேள்வி கேட்டு 32 வருஷம். விடுதிப் படுக்கைக்குத் தகுதியானவரை மாநிலம் வரிசையில் நிறுத்த முடியாது; வெய்வருக்கு மட்டும் இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை போடலாம். 2024-ல் அமெரிக்கா முழுக்க அந்த வரிசைகளில் சுமார் 7 லட்சம் பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்கள்.