படிக்கட்டும் பதிவேடும்

மாடி பஸ் என்றதும் பம்பாயில் வாழ்ந்த நேயர்களுக்கு அதன் உருவம் கண்முன் நிற்கும். லண்டன் நகரிலும் அத்தகைய வண்டிகளே ஓடின. டிரைவர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார். இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து, மனிதனின் உடலுழைப்பை அளக்கும் ஆராய்ச்சி புதியதொரு பாதையில் திரும்பியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பு பெருகி வந்தது. அதன் காரணத்தைத் தேடிய டாக்டர் ஜெரி மாரிஸ், 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 போக்குவரத்து ஊழியரின் நோய்ப் பதிவுகளைத் தம் குழுவினருடன் ஆராய்ந்து, 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். கண்டக்டர் ஒருவர் பணிநாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். டிரைவர்களைவிட அவர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயது சென்ற பின்னரே வந்தது.

படிக்கட்டே காத்தது என்று மாரிஸ் அத்துடன் நிறைவு கொள்ளவில்லை. இயல்பிலேயே பருத்தவர்கள் டிரைவர் வேலையை நாடியிருந்தால் என் செய்வது? சீருடைப் பதிவேடுகளைப் புரட்டினார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு, இளவயதினரிடையேகூட, கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. தம் முடிவின் வலிமையைக் குறைக்கக்கூடிய இந்த உண்மையை 1956-ல் அவரே வெளியிட்டார்.

தொழிலின் பெயரை மட்டும் கொண்டு மனிதனை அளத்தல் போதாது என்பது புலனாயிற்று. ஆகவே 1968 முதல் 1970 வரை, நாற்காலி உத்தியோகமே பார்க்கும் பிரிட்டிஷ் அரசாங்க அலுவலர் சுமார் 17,000 பேரிடம், கடந்த வெள்ளி, சனி ஆகிய இரு நாட்களில் செய்தவற்றைத் திங்கட்கிழமை காலையில் எழுதித் தரும்படி கேட்டார். ஓய்வு நேரத்தில் கடுமையாக உடலுழைத்தவர்க்கு இருதய நோய், மற்றவர்க்கு வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வந்தது.

ஆயினும் இரு நாட்கள் ஓர் ஆயுளாகுமா? அமெரிக்காவில் டாக்டர் பாஃபன்பார்கர், ஹார்வர்டில் பயின்ற பழைய மாணவர்களிடம் 1962, 1966 ஆகிய ஆண்டுகளில் கேட்டவற்றை 1977-ல் மீண்டும் கேட்டார்: எத்தனை படி ஏறினீர்? எவ்வளவு தூரம் நடந்தீர்? என்ன விளையாடினீர்? இடையே ஓரளவு கடுமையான விளையாட்டை மேற்கொண்டவர்க்கு, மேற்கொள்ளாதவரைவிட இறப்பு அபாயம் 23 சதவிகிதம் குறைந்திருந்ததென 1993-ல் தெரியவந்தது. ஒரு முறை மட்டும் கேட்டிருந்தால் இம்மாறுதல் கண்ணுக்குப் பட்டிராது.

மனித நினைவோ தன்னைச் சற்று உயர்த்தியே சொல்லும். 2003–04-ல் அமெரிக்கர் இடுப்பில் அசைவளக்கும் கருவியை அணிவித்துப் பார்த்தபோது, பரிந்துரைக்கப்பட்ட அளவு உழைத்த பெரியவர்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை; வாய்மொழிக் கணக்கில் அத்தொகை பன்மடங்காக இருந்தது. 2013 முதல் 2015 வரை பிரிட்டனில் ஒரு லட்சம் பேருக்குமேல் மணிக்கட்டுக் கருவியை ஏழு நாட்கள் அணிந்தனர். ஆனால் கருவிக்குத் தெரிவது அந்த ஏழு நாட்களே. பத்தாண்டு கழித்து அம்மனிதர் எப்படி நடமாடுவார் என்பதை மீண்டும் அளந்தே அறியவேண்டும்.

நேயர்களே, ஊர்விட்டு ஊர் வந்து உத்தியோகம் பார்க்கும் நம் வாழ்விலும் நடை ஒரே அளவில் நிற்பதில்லை. வீடு மாறினால் அது மாறும். பதவி உயர்ந்தால் பெரும்பாலும் குறையும். மாரிஸ் தம் 99-ஆம் வயதில், 2009-ல் காலமானார். கண்டக்டர் ஏறிய படிகளை எண்ணத் தொடங்கிய அவர் கணக்கை, நம்மில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நமக்கென எழுதிப் பார்க்கலாம்.