அட்டைக்குக் காசு

நிரல் எழுதத் தெரியாதவரும் இயந்திரத்தை வேலை வாங்கலாம் என்பதை நேற்று பிறந்த அதிசயம்போல மென்பொருள் விற்க வரும் பையன்கள் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். 1930-களிலேயே அமெரிக்கக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் இது நடந்துகொண்டிருந்தது. ஐபிஎம்மின் கணக்கு இயந்திரத்தில் ஒரு பலகை இருக்கும், பலகை முழுக்கத் துளைகள். துளையிட்ட அட்டையின் இந்தப் பத்தியில் உள்ள எண்ணை எதோடு கூட்ட வேண்டும், தாளில் எந்த இடத்தில் அச்சடிக்க வேண்டும் என்பதையெல்லாம் துளைக்குத் துளை வயர் செருகியே சொல்லிவிடுவார்கள். சம்பளப் பட்டியல் முடிந்ததா, அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுச் சரக்குக் கணக்குப் பலகையை மாட்டு. வயர் உருவிக்கொள்ளாதபடி அதற்கு மூடி வேறு.

பலகையைவிட எனக்குச் சுவையானது அதன் பண விவகாரம். ஐபிஎம் அந்த இயந்திரங்களை விற்காது, வாடகைக்குத்தான் விடும். எங்கள் அட்டையைத்தான் போட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. 80 பத்தி அட்டை 1928-இல் வந்தது. பில்லுக்கு ஓர் அட்டை, ஆளுக்கு ஓர் அட்டை என்று, வியாபாரம் பெருகப் பெருக அட்டைச் செலவும் பெருகும். அந்த நிபந்தனைமேல் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1936-இல் அது செல்லாது என்று தீர்ந்தது. இயந்திரத்தை விலைக்கும் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை 1956-இல்தான் வந்தது.

பிறகு விரிதாள் காலம். 1979-இல் விசிகால்க், 1983-இல் லோட்டஸ் 1-2-3. லோட்டஸ் மேக்ரோ என்பது நாம் தட்டுகிற விசைகளை வரிசையாக ஒரு கட்டத்தில் எழுதிவைப்பது. சாய்கோடு போட்டால் மெனு திறக்கும், அலைக்கோடு என்றால் என்டர். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அதைப் படித்துச் சொல்ல ஆளிருக்காது.

2007-இல் யாஹூ பைப்ஸ் வந்தது. இணையத்திலிருந்து வரும் தகவல்களைத் தொகுக்கத் திரையில் பெட்டிகளைக் குழாயால் இணைக்க வேண்டியதுதான், காசும் கிடையாது. 2015-இல் யாஹூ அதை மூடியதும் அதில் கட்டியவை ஓடுவது நின்றது.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பவன் நான். "ஏனுங்க சார், ஜேப்பியர் வாங்கலாமுங்களா, மேக் வாங்கலாமுங்களா?" என்று முதலாளிகள் கேட்டால் எனக்கு அந்த அட்டைதான் நினைவுக்கு வரும். ஜேப்பியர் 2011-இல் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியாவில் தொடங்கியது. மேக், பிராகில் பிறந்த இன்டெக்ரோமேட். 2022-இல் பெயர் மாறியது. பெர்லினிலிருந்து 2019-இல் என்எயிட்என். நம்மூர் ஸோஹோவிடமும் ஃப்ளோ இருக்கிறது. ஒரு செயலியில் ஏதாவது நடந்தால் மற்றச் செயலிகளில் அடுத்த வேலையைத் தானே முடிப்பது, எல்லாம் ஏறக்குறைய இந்த ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அட்டையைப்போலவே எண்ணித்தான் காசு, எண்ணுகிற விதம்தான் வேறு.

பையரிடமிருந்து ஆர்டர் மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டில் ஒரு வரி ஏற வேண்டும், டையிங்காரருக்கு வாட்ஸ்அப் போக வேண்டும், மெர்ச்சண்டைசருக்கு மெயில் போக வேண்டும். ஜேப்பியர் இதை மூன்று வேலையாக எண்ணும். மெயில் வந்ததைக் கவனித்ததற்குக் காசில்லை. மேக்கில் ஒவ்வொரு கட்டம் ஓடுவதற்கும் கணக்கு உண்டு, புது மெயில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினாலும்கூட. என்எயிட்என்னின் வாடகைத் திட்டத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டம். கட்டியதை ஜேசன் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், சொந்த சர்வரிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

மாதத்துக்கு நாலைந்து ஆர்டர் பார்க்கிற யூனிட்டுக்கு ஜேப்பியரே போதும் என்பேன். கட்டிங், ஸ்டிட்ச்சிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க்குக்கு அனுப்பி, நாள் முழுக்க டெலிவரி சலான் போடுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. சொந்த சர்வர் என்றால் எண்ணிக்கைக்குக் காசு இல்லைதான், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதையும் சேர்த்து ஒரு தாளில் கூட்டிப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்குள் முதலாளி, மச்சான் பையன் சொன்னதை வருடச் சந்தாவே கட்டி வாங்கியிருப்பார்.