டால்பட்டில் கிராமத்தின் ஆறு பேர்

இங்கிலாந்து தேசத்துக் கிராமச் சரித்திரங்களைப் புரட்டுவோருக்கு ஓர் உண்மை புலப்படும். பிரபுவின் மாளிகையைக் கட்டியவர் யார், மாதாகோயில் மணியை அளித்தவர் யார் என்பன விரிவாக வரையப்பட்டிருக்கும். உழுது அறுத்தவன் பெயரோ, 1538-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கோயிற் பதிவேட்டில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என மூன்று இடங்களோடு நின்றுவிடும். கூலிகளின் பெயரை ஏட்டில் பதிவதையே தொழிலாகக் கொண்ட நாம், இதற்கு விலக்கான ஓர் ஊரைப் பற்றி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

டார்செட் ஜில்லாவைச் சேர்ந்த டால்பட்டில் என்பதே அவ்வூர். அங்கே பண்ணையாட்களின் வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8 ஆகி, பின்னர் 7 ஆயிற்று. 6 ஆகும் என்ற அச்சமும் எழுந்தது. ஆகவே 1833-இல் ஜார்ஜ் லவ்லெஸ் என்னும் உழவர், தோழர்களைக் கூட்டிச் சங்கம் கண்டார்.

சங்கத் தடைச் சட்டம் 1824-லேயே நீக்கப்பட்டது. எனவே சங்கம் வைத்தது குற்றமன்று. ஆயினும், இரகசியப் பிரமாணம் செய்தனர் என்று சொல்லி, கப்பற்படைக் கலகத்தையொட்டி 1797-இல் பிறந்த சட்டத்தை அவ்வேழைகள் மீது ஏவினர். ஏவியவர் மாஜிஸ்டிரேட் ஜேம்ஸ் பிராம்ப்டன். அருகிலிருந்த மோர்ட்டன் பண்ணையின் பிரபுவும் அவரே. குற்றச்சாட்டை ஏற்ற பெரிய ஜூரியில் அமர்ந்தவரும் அவரே! நிலமும் நீதியும் ஒரே கையில் இருந்தால் ஏழை எங்கே முறையிடுவான்?

1834 மார்ச்சில் அறுவருக்கும் ஏழாண்டுத் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்தம் மனைவி மக்களுக்குக் கிராமத் தரும நிதியும் மறுக்கப்பட்டது. தேவைப்பட்டோரைக் காக்கவென்று ஏற்பட்ட நிதி, பணியாதோரைப் பட்டினியிடும் கருவியாயிற்று.

ஆனால் நாடு உறங்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 21-இல் லண்டனில் தொழிலாளர் பெருந்திரளாக ஊர்வலம் சென்றனர். கிளர்ச்சி ஓயவில்லை, 1836-இல் சர்க்கார் மன்னிப்பளித்தது. திரும்பிய அறுவரில் ஐவர் பிற்காலத்தில் கனடாவில் குடியேறினர். ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் சொந்த ஊரிலேயே தங்கினார். 1891-இல் டார்செஸ்டர் ஏழையர் விடுதியில் மாண்டார். டால்பட்டில் மாதாகோயில் நிலத்தில் அவர் அடக்கமாயிருக்கிறார். 1934-இல் நூற்றாண்டு விழாவின்போது, தொழிற்சங்கப் பேரவை அவர் கல்லறையில் கல் நாட்டி, அவ்வூரில் ஆறு வீடுகளும் கட்டியது.

இன்றும் ஜூலை மாதந்தோறும் தொழிலாளர் அவ்வூரில் கூடுகின்றனர். மோர்ட்டன் பிரபுவை உலகம் அறிந்திருப்பது, அவர் சிறைக்கனுப்பிய அறுவரின் பொருட்டேயாம். ஊர்ச் சரித்திரம் எழுதுவோர் மாளிகை வாயிலோடு நின்றுவிடாது, குடிசையையும் எட்டிப் பார்ப்பாராக!