அஞ்சுதலும் ஐந்தாம் வேற்றுமையும்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி மாணவர் செய்யும் ஆங்கிலப் பயிற்சித் தாள்களில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பகுதியைப் பெற்றோர் பலரும் கண்டிருப்பீர்கள். ஒரு பண்புச்சொல் இருக்கும். அதனை அடுத்து ஒரு வெற்றிடம். 'அஃப்ரெய்ட்' என்றால் 'ஆஃப்', 'குட்' என்றால் 'அட்', 'ஆங்க்ரி' என்றால் 'வித்', 'மேரிட்' என்றால் 'டு' என்று நிரப்ப வேண்டும். ஏன் அப்படி என்று பிள்ளை கேட்டால், மனப்பாடம் செய் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. தமிழாசிரியனாகிய என்னிடமும் பெற்றோர் சிலர் இதற்கு விதி ஏதும் உண்டா என்று வினவியதுண்டு. ஆங்கிலம் என் பாடமன்று. ஆயினும் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் ஆங்கிலேயர் அல்லர் என்பதை எண்ணும்போது, இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் என்றோர் இயல் உண்டு. அதில் ஐந்தாம் வேற்றுமையாகிய 'இன்' உருபை விளக்க வந்த ஆசிரியர், அவ்வுருபை ஏற்கும் சொற்களை நீண்டதொரு பட்டியலாகவே தருகிறார். நிறம், வடிவம், சுவை, குளிர்ச்சி, வெப்பம், நன்மை, தீமை, முதுமை, இளமை, புதுமை, பழமை என்று அப்பட்டியல் விரிகிறது. அச்சமும் அதில் உண்டு. நான்காம் வேற்றுமையாகிய 'கு' உருபுக்கும் இத்தகைய பட்டியல் ஒன்று இருக்கிறது. நட்பும் பகையும் காதலும் அதனுள் அடங்கும். தொல்காப்பியத்தின் காலம் குறித்து அறிஞரிடையே பெருங்கருத்து வேறுபாடு உள்ளது. அதனுள் நான் புகவில்லை. எந்தப் பண்புச்சொல் எந்த உருபை வேண்டி நிற்கும் என்று வகைப்படுத்திக் காட்டும் வேலை, இன்று நம் பிள்ளைகளின் பயிற்சி நூல்களில் அச்சாகும் பட்டியலின் வேலையேதான் என்பது போதும். பகைக்குத் தமிழில் 'கு'. ஆங்கிலத்தில் 'ஹாஸ்டைல்' என்பதற்கு 'டு'. இந்த ஒற்றுமையைக் காட்டினால் மாணவர் முகம் மலர்வதை நான் கண்டிருக்கிறேன்.

அச்சத்தின் கதை இன்னும் சுவையானது. அடுத்துவரும் வேற்றுமை மயங்கியலில், அச்சப் பொருள் தரும் சொற்களுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரும், இரண்டாம் வேற்றுமையும் வரும், பொருளில் குறைவில்லை என்று தொல்காப்பியர் இடங்கொடுக்கிறார். 'புலியின் அஞ்சினான்' என்றாலும் சரி, 'புலியை அஞ்சினான்' என்றாலும் சரி. ஐந்தாம் வேற்றுமைக்குப் பிற்கால நன்னூல் கூறும் பொருள்களுள் முதலாவது நீங்கல். அஞ்சுபவன் அஞ்சப்படும் பொருளினின்று விலகி ஓடுகிறான் அல்லவா?

ஆங்கிலத்திலும் இதே விலகல்தான் ஒளிந்திருக்கிறது. இன்று நாம் 'உடைய' என்று எளிதாகப் பொருள் சொல்லிவிடும் 'ஆஃப்' என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் 'இலிருந்து', 'விலகி' என்னும் பொருளையே முதன்மையாகக் கொண்டிருந்தது. விளக்கை அணைக்கும்போது நாம் சொல்லும் 'ஆஃப்' இதன் உடன்பிறப்பே. ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து, ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டில்தான் இரு எழுத்து வடிவங்களாக நிலைபெற்றது. 1066க்குப் பின் இங்கிலாந்தில் பிரெஞ்சு ஆட்சிமொழியானபோது, உடைமைப் பொருளையும் நீங்கற் பொருளையும் ஒருங்கே தரும் பிரெஞ்சுச் சொல்லாகிய 'து' என்பதன் செல்வாக்கால் 'ஆஃப்' தன் எல்லையை விரித்துக்கொண்டது. 'அஃப்ரெய்ட்' என்பதும் பிரெஞ்சு வழி வந்ததே. 'அச்சுறுத்தப்பட்ட' என்னும் எச்சமாக இருந்து பண்புச்சொல்லாயிற்று.

ஆங்கிலேயருக்கே இதில் தடுமாற்றம் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வெறுப்பைக் குறிக்கும் 'அவெர்ஸ்' என்ற சொல்லின்பின் 'ஃப்ரம்' வருவதே முறை, 'டு' வருவது பொருந்தாது என்று 1755இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் எழுதினார். இன்று 'டு' தான் வழக்கு.

தமிழை ஐரோப்பியருக்கு விளக்கியவர்களும் இவ்விடத்தில் இடர்ப்பட்டனர். 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்குவின் இலக்கணம், தமிழ்ப் பெயர்களை இலத்தீன் வேற்றுமை வாய்பாட்டில் அடுக்கியது. 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லோ, பெயரோடு சேரும் ஒவ்வொரு பின்னொட்டுச் சொல்லும் ஒரு புதிய வேற்றுமைதான், ஆகவே இவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு கட்டுவது கடினம் என்ற கருத்தை முன்வைத்தார். என் அனுபவத்தில் வகுப்பறைக்கு மிகவும் பயன்படுவது இந்தக் கருத்தே.

இனி நம் ஊருக்கு வருவோம். 1834இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பும் இருந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1870களில் ஆங்கிலமும் தமிழும் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. அக்காலம் முதல் நெடுங்காலம்வரை, தமிழ் வீட்டுமொழியாக இருந்த பிள்ளை ஆங்கிலம் கற்றது; ஆகவே தமிழ் உருபு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 'மேரிட் டு' என்பதற்குப் பதில் 'மேரிட் வித்' என்பது அத்தகையது. (மலாயிலும் 'உடன்' என்ற சொல்தான் வருகிறது, பழியை முழுவதும் தமிழ்மேல் போட வேண்டாம்.) 1987 முதல் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதல் மொழியாயிற்று. வீட்டில் மிகுதியாக ஆங்கிலம் பேசுவோர், ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய குடியிருப்பாளரிடையே 2010இல் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3 விழுக்காடு. அதே 2020இல் தமிழுக்கு 2.5 விழுக்காடு. ஆற்றின் ஓட்டம் திசை மாறிவிட்டது. இப்போது ஆங்கில முன்னிடைச்சொல் தமிழுக்குள் நுழைகிறது.

'என் தாத்தா கணக்கில் மிகவும் நல்லவர்' என்று எழுதுகிறான் ஒருவன். கணக்கில் வல்லவர் என்பது அவன் கருத்து. மற்றவற்றில் தாத்தா எப்படியோ என்று படிப்பவர் ஐயுறுவர். 'எனக்கு உங்களோடு கோபம்' என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வாய்மொழிப் பயிற்சியில் ஒரு சிறுமி தன் பாட்டியைப் பற்றி, 'நான் பாட்டியுடைய பெருமை' என்றாள். பாட்டியை எண்ணித் தான் பெருமைப்படுவதாகச் சொல்ல வந்தாள். தமிழிலோ, பாட்டிக்குத் தானே பெருமை என்று ஆகிவிட்டது. அன்பு அப்படியே இருக்கிறது. ஆனால் யார் யாரைக் கொண்டாடுகிறார் என்பது தலைகீழாயிற்று. தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பாட்டிக்கு அவள் மனம் உள்ளபடி சென்று சேர, 'உங்களை நினைத்தால்' என்ற இரு சொற்கள் வேண்டியிருந்தன. இலக்கணம் வெறும் மதிப்பெண்ணுக்குரியது என்று எண்ணும் பெற்றோரிடம் நான் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

'எனக்கு நாயின் பயம்' என்பது இன்னொரு மாணவன் எழுதியது. 'ஆஃப்' என்பதை 'உடைய' என்று கொண்டு, அதனை 'இன்' ஆக்கியிருக்கிறான். இன்றைய தமிழில் அது நாய்க்கு உண்டான பயம் என்றே பொருள்படும். ஆனால் 'நாயின் அஞ்சினேன்' என்று எழுதியிருந்தால் தொல்காப்பியர் ஒப்புக்கொள்ளும் ஐந்தாம் வேற்றுமை! நான் அதைத் திருத்தி, அருகில் 'நாயென்றால் பயம்' என்று எழுதினேன். இந்த 'என்றால்' பழைய எட்டு வேற்றுமைகளுள் எதிலும் இல்லை. கால்டுவெல் சொன்ன வரம்பற்ற வரிசையில்தான் வைக்க வேண்டும். மறுநாள் அவன், "அப்படியானால் புலியென்றாலும் இதே தானா, சார்?" என்று கேட்டான். புலிக்கும் அதுதான் என்றேன்.