பாம்பு விழுங்காத கதிரவன்

2010ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள். பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசையும் அன்றே. இராமேசுவரத் தீவிலே நீராட வந்தோர் கூட்டம் ஒருபுறம். தனுஷ்கோடி மணற்பரப்பிலே தொலைநோக்கியும் கறுப்புக் கண்ணாடியும் ஏந்தி நின்றோர் மற்றொருபுறம். பிற்பகல் ஒன்றேகால் மணியளவிலே, கதிரவனின் நடுப்பகுதியைத் திங்கள் மறைத்தது. எஞ்சிய விளிம்பு ஒளி வளையமாக நின்றது. ஏறத்தாழப் பத்து நிமிடம் நின்றது! இந்தியப் பெருங்கடலின் நடுவே அதே வளையம் 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது. அதனினும் நீண்ட வளைய மறைப்பைக் காண 3043ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும் என்கின்றனர் வானியலார்.

ஆயிரம் ஆண்டில் ஒரு முறை வரும் காட்சி, நமது தீவைத் தேடி வந்தது. அப்போது நாம் எங்கே இருந்தோம்?

பாம்பனிலே, ஓலை வேய்ந்த வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்! பத்து வயது நமக்கு. அண்டை வீட்டு அக்கா கருவுற்றிருந்தார். அவரை இருட்டறையிலே அமர்த்தி, 'அசையாதே, நகம் கிள்ளாதே' என்று காவல் காத்தனர். சோற்றுப் பானையின் மீது தர்ப்பைப் புல். முற்றத்திலே தாம்பாளத்து நீரில் நிறுத்திய உலக்கை. 'பாம்பு விழுங்குகிறது, வெளியே தலை காட்டாதே' என்றார் பாட்டி.

அப்போது தரையிலே ஒரு வேடிக்கை கண்டோம். கூரை ஓட்டைகளின் வழியே வெயில் எப்போதும் வட்டப் பொட்டுகளாக விழும். அன்று ஒவ்வொரு பொட்டும் ஒரு வளையலாக இருந்தது! தரையெங்கும் ஒளி வளையல்கள்! எடுத்துப் பார்க்கலாம் என்று கை நீட்டினோம், தட்டிவிட்டார் பாட்டி.

ஊசித்துளை ஒவ்வொன்றும் கதிரவனின் உருவத்தைத் தரையிலே வரைந்து காட்டும் என்பதைப் பிற்காலத்திலே படித்தறிந்தோம். கதவைச் சாத்தினோம், கதிரவன் கூரை வழியே வந்து பாடம் நடத்தினான். பாடம் புரியவில்லை நமக்கு. புரிய வைப்பார் எவரும் அந்த வீட்டிலே இல்லை.

அன்று வயிற்றில் இருந்த குழந்தை இன்று நம் பள்ளியின் மாணவி. மறைப்புகளைப் பற்றி நாம் பாடம் நடத்தியபோது அவள் எழுந்து கேட்டாள்: "ஐயா, நான் பிறப்பதற்கு முன்னே நம் ஊரிலேயே வளையம் தெரிந்ததாமே, நீங்கள் பார்த்தீர்களா?" இல்லை என்று சொல்ல வெட்கினோம். அந்த வெட்கமே இந்தக் கட்டுரைக்கு வித்து.

பாம்புக் கதையைச் சொன்ன பாட்டியைக் குறை கூறோம். அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் என் செய்வார்! நாம் கேட்பது வேறு. இந்த நாட்டிலே உண்மை எவருக்கும் தெரியாமலா இருந்தது?

தெரிந்திருந்தது, தோழர்களே! நன்றாகவே தெரிந்திருந்தது. 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதினார்: கதிரவனை மறைப்பது திங்கள்; திங்களை மறைப்பது புவியின் நிழல் என்று. பாம்பு இல்லை அவர் கணக்கிலே.

தமிழ்க் கரையிலும் கணக்கு இருந்தது. லெ ழான்தீ என்ற பிரெஞ்சு வானியலார், கதிரவனின் முகத்தை வெள்ளிக்கோள் கடந்து செல்வதைக் காண 1760இல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அவர் வருமுன்னே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1761இன் காட்சியைக் கப்பலின் ஆட்டத்திலே, அளக்க இயலாது கண்டார். அடுத்த காட்சிக்காக எட்டு ஆண்டு காத்து, புதுச்சேரியிலேயே தொலைநோக்கி நாட்டினார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை, மேகம் மூடிற்று! 1771இல் நாடு திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி அவருடைய பதவியைப் பிறருக்குக் கொடுத்திருந்தனர்.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. புதுச்சேரியிலே தமிழ்க் கணிதர்களிடம் அமர்ந்து, அவர்தம் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30இல் நிகழ்ந்த நிலா மறைப்பின் நீட்டத்தைத் தமிழர் முறைப்படி கணக்கிட்டால் 41 விநாடியே குறைந்தது. ஐரோப்பியர் போற்றிய மேயரின் அட்டவணைப்படியோ 68 விநாடி கூடிற்று! பின்னர் வாரன் என்பார் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' நூலும் இத்தகைய கணிதர் ஒருவரைப் பற்றிக் கூறுகிறது. ஏடும் எழுத்தாணியும் இன்றி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களை அட்டவணையாகக் கொண்டு, தரையிலே சோழிகளை அடுக்கியே அவர் மறைப்பைக் கணக்கிட்டார்.

பெருமைப்பட வேண்டிய திறமை; ஐயமில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். மறைப்பு எந்த நாழிகையில் தொடங்கும், எந்த நாழிகையில் விடும் என்று சோழி போட்டுச் சொல்லக்கூடியவர்க்கு, அது ஒழுங்கான கணக்கு என்பது தெரியாதா? பசித்த பாம்பு நாழிகை பார்த்தா விழுங்கும்? கணக்குச் சிலரின் கையிலே இருந்தது. அச்சம் மட்டும் எல்லார்க்கும் பங்கிடப்பட்டது. அறிவு இல்லாததன்று நம் குறை. அறிவு பகிரப்படாததே குறை.

தொலைநோக்கியின் வரலாறும் இதே பாடத்தைத்தான் புகட்டுகிறது.

1609இல் கலிலியோ வானை நோக்கித் தம் குழாயைத் திருப்பினார். எண்பது ஆண்டுக்குள் அக்கருவி நம் கடற்கரைக்கு வந்துவிட்டது. 1689 டிசம்பரில், புதுச்சேரியிலே ரிஷோ என்னும் பாதிரியார் ஒரு வால்மீனைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, தெற்கே ஒளிரும் ஆல்பா சென்டாரி என்ற விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்று கண்டறிந்தார். நமது கதிரவனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அது. தமிழ்க் கரையிலிருந்து கண்ட புதுமை. ஆனால் தமிழர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னையிலே வில்லியம் பெட்ரி என்ற கும்பினி அதிகாரி 1786இல் தம் சொந்த ஆர்வத்தால் வானோக்கு நிலையம் ஒன்றை அமைத்தார். தொழிலாக அன்று, விருப்பால் வானைப் பார்த்தவர் அவர். 1792இல் அது நுங்கம்பாக்கத்தில் கும்பினியின் நிலையமாக வளர்ந்தது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூணிலே தமிழிலும் எழுத்துப் பொறித்தனர். அத்தூண் இன்றும் அங்குள்ள வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. தூணிலே தமிழ் இருந்தது. தொலைநோக்கியின் முனையிலே தமிழன் கண் நெடுநாள் இல்லை.

அந்நிலையத்திலே உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதைவிட நாம் போற்றுவது அவர் செய்த வேறொரு பணியை. 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கவிருந்தபோது, அது என்ன, எப்படி நிகழ்கிறது என்று மக்களுக்கு விளக்க நாட்டு மொழிகளிலே சிறு நூல் வெளியிட்டார். கணக்கறிந்தவர் கதவைத் திறந்தார்!

சரி, நிலையத்திலே பணி கிடைத்தவர்க்கு அது இயலும்; நம் போன்றோர்க்கு? பட்டமும் பதவியும் இல்லாதவர்க்கு வானம் வசப்படுமா? இதற்கு விடையாக ஒரு மனிதரைக் காட்டுவோம்.

வங்கத்து ஜெசோரிலே இராதாகோவிந்த சந்திரர் என்று ஒருவர். 1878இல் பிறந்தவர். பள்ளியின் இறுதித் தேர்விலே மும்முறை தோற்றவர்! அரசுக் கருவூலத்திலே நாணயம் எண்ணும் சிறு வேலை. பகலெல்லாம் காசை எண்ணினார். இரவெல்லாம் விண்மீனை எண்ணினார். 1910இல் ஆலி வால்மீன் வந்தபோது ஒரு பைனாக்குலரால் அதைத் தொடர்ந்து பார்த்தார். பிறகு 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். 1918 ஜூனில் கழுகு மண்டலத்திலே திடீரென ஒளிர்ந்த புதுமீனை, பிறர் சொல்லாமல் தாமே கண்டார். அமெரிக்காவிலே 1911இல் ஆர்வலர்கள் அமைத்த ஒளிமாறு விண்மீன் நோக்கர் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1926இல் 6 அங்குலத்துக்கும் மேற்பட்ட தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பிற்று. 37,000க்கும் மேற்பட்ட கணிப்புகளைத் தம் கண்ணால் எடுத்து அனுப்பினார் அந்தக் கருவூல எழுத்தர்!

முதுமையிலே அவர் பார்ப்பதை நிறுத்தியபோது, தொலைநோக்கி நிற்கவில்லை. சென்னையிலே பிறந்த வானியல் அறிஞர் வைணு பாப்புவின் கைக்கு அது மாறியது. பிறகு நம் தமிழகத்துக் காவலூர் வானோக்கு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. காவலூர் என்றதும் 1986இல் தொடங்கப்பட்ட 93 அங்குலப் பெருந்தொலைநோக்கியையே எல்லாரும் நினைப்பர். அந்த மலைக்கு ஓர் எழுத்தரின் தொலைநோக்கியும் வந்தது என்பதை நம் இளைஞர் நினைவிற்கொள்ள வேண்டும்.

கருவி விலை மிகுதி என்று கைவிரிப்போர்க்கு இன்னொருவர். சான்பிரான்சிசுகோவிலே துறவியாயிருந்த ஜான் டாப்சன், கண்ணாடித் துண்டுகளைத் தாமே தேய்த்து ஆடியாக்கித் தொலைநோக்கி செய்தார். 1967இல் மடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியலார் என்றொரு கழகம் அமைத்தார். தெருவோரத்திலே தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் அழைத்துச் சனியின் வளையத்தைக் காட்டினார். பலகையாலான அவரது எளிய தாங்கியை இன்று உலகெங்கும் 'டாப்சோனியன்' என்றே அழைக்கின்றனர்.

நம் நாட்டிலும் கழகங்கள் எழுந்தன. ஆலி வால்மீனின் வருகையை ஒட்டி 1910இல் கல்கத்தாவிலே இந்திய வானியல் கழகம் தோன்றிற்று. புனேயிலே 1944இல் சோதிர்வித்யா பரிசன்ஸ்தா தொடங்கப்பட்டது. தமிழகத்திலே 1980இல் பிறந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கம், மறைப்பு நாட்களில் கதவைச் சாத்தாதீர், காண வாரீர் என்று ஊர் ஊராக அழைத்தது. 2019 டிசம்பர் 26இல் கோவை முதல் புதுக்கோட்டை வரை வளைய மறைப்புத் தெரிந்தபோது, பாதுகாப்புக் கண்ணாடியோடு தெருவிலும் திடலிலும் நின்ற மக்களைக் கண்டோம். பகிர்ந்தளித்தால் அச்சம் பறந்துவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எனவே பாம்பனிலே நாமும் தொடங்கினோம். நான்கு ஆசிரியர், பதினோரு மாணவர். முதல் நாள் வானைப் பார்க்கவில்லை, உலக்கையைப் பார்த்தோம்! மறைப்பு ஏதுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பிலே தாம்பாளம் வைத்து உலக்கையை நிறுத்தச் சொன்னோம். நின்றது! பாம்பு வராமலே நின்றது! அடி தட்டையானால் எந்நாளும் நிற்கும் என்று மாணவரே சொன்னார்கள். அன்று எழுந்த சிரிப்பிலே பாதி அச்சம் கரைந்தது.

அடுத்து, கருவியில்லாமல் கண்ணாலேயே பழகினோம். நம் ஊர் இதற்கு வாய்த்த ஊர். வடகடலின் மேலே துருவமீன் தாழ நிற்கிறது: கையை நீட்டி விரலை மடக்கினால், ஒரு முட்டி உயரம். ஏனெனில் நாம் இருப்பது வடக்கே ஒன்பது பாகையில். குந்துகால் கரையில் தென்கடலைப் பார்த்து நின்றால், மே, ஜூன் முன்னிரவுகளில் தெற்குச் சிலுவை எழுந்து நிற்கும். அதன் இடப்பக்கத்திலே, இரண்டு முட்டி உயரத்தில், ரிஷோ கண்ட அதே ஆல்பா சென்டாரி! இலண்டனிலோ பாரிசிலோ இருப்போர் காணமுடியாத வானம் இது. தெற்குவாடிப் பெரியவர் ஒருவர் நமக்கு ஆசானாக அமைந்தார். "வாத்தியார் தம்பி, ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்துத்தான் நாங்கள் கரை சேர்ந்தோம், கையிலே கருவி வந்தபிறகு பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதில்லை" என்றார். கார்த்திகைக் கூட்டத்தை அவர் காட்டிய விரைவு நம் வரைபடத்துக்கு இல்லை!

பிறகு பணம் திரட்டி 10x50 பைனாக்குலர் ஒன்று வாங்கினோம். அதிலேயே நிலவின் பள்ளங்கள் தெரிந்தன; கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் தெரிந்தன. தொலைநோக்கி வாங்க எண்ணுவோர் ஒன்றை மறவாதீர்: பெட்டியின் மேலே '500 மடங்கு' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர். வாயின் அகலமே முதன்மை. அங்குலத்துக்கு 50 மடங்குக்கு மேல் உருவம் தெளியாது. 3 அங்குலக் கருவி சனியின் வளையத்தைக் காட்டும். 6 அங்குல டாப்சோனியன் ஓர் ஊருக்கே போதும். உப்புக்காற்று ஆடிக்குப் பகை. பார்த்து முடிந்ததும் மூடி, உலர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும். வாடைமழை ஓய்ந்து தை பிறந்தால் வானம் தெளியும்; நிலவில்லா நாட்களைத் தேர்ந்தெடுங்கள். பார்த்ததை நாள், நேரம் குறித்து ஏட்டில் எழுதுங்கள். சந்திரரைச் சந்திரராக்கியது அந்த ஏடுதான்.

கதிரவனை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. புகைபிடித்த கண்ணாடியும் எக்ஸ்ரே படச்சுருளும் கண்ணைக் கெடுக்கும். தொலைநோக்கியின் முன்வாயில் தகுந்த வடிகட்டி இன்றிக் கதிரவன் பக்கம் திருப்பினால் பார்வை ஒரு கணத்தில் போய்விடும். அச்சம் வேண்டாம், எச்சரிக்கை வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், நண்பகலை ஒட்டி, மீண்டும் ஒரு வளைய மறைப்பு தென் தமிழகத்தின் ஊடாகவும் வட இலங்கையின் ஊடாகவும் செல்லவிருக்கிறது. மழை, மேகம் எதுவும் நேரலாம். லெ ழான்தீயின் கதை நமக்குத் தெரியும். ஆனால் மேகம் மறைக்கட்டும். கதவு மறைக்க வேண்டாம்!

அன்று கடற்கரையிலே கருவியோடு நிற்போம். முதல் நாற்காலியைக் கருவுற்ற பெண்ணுக்குப் போடுவோம்; தக்க கண்ணாடியைக் கையில் கொடுத்து, "பாருங்கள் அம்மா" என்போம். பக்கத்திலே நின்று விளக்கம் சொல்வதாக இப்போதே உறுதி தந்திருக்கிறாள் ஒருத்தி: 2010இல் இருட்டறையிலே, தாயின் வயிற்றிலே இருந்தவள்.

உங்கள் ஊரிலே யார் நிற்கப் போகிறார்கள்?